இரண்டாம் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவாய். வீட்டு வேலைக்கு வருபவள் இரண்டு நாளாக வரவில்லை, கூடம் பெருக்காமல் கிடக்கிறது. எனக்கும் துடைப்பத்தை எடுக்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாற்ற வேண்டியது மாத்திரையை அல்ல, அவர் உட்காரும் நாற்காலியை என்று சொல்.

திறப்பு விழா மலருக்கான கட்டுரையையும் உன் அப்பாவின் நல்ல படம் ஒன்றையும் அனுப்பியாயிற்றா என்று போனில் மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் இதோ அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. போலீஸ் பயிற்சி நிலையத்தின் புதிய கைரேகைப் பரிசோதனைக் கூடத்துக்கு அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் விடாமல் மனு எழுதியவள் நீ. ஒவ்வொரு மனுவின் நகலும் என்னிடம் இருக்கிறது, பிழை திருத்தி அடுக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கவே எனக்குப் பத்து நாள் ஆயிற்று. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

கட்டுரையில் ஐந்து பக்கம் முடித்துவிட்டேன். கைரேகை வருவதற்கு முன்னால் குற்றவாளிகளை அடையாளம் காண, தலையின் சுற்றளவு, முன்கையின் நீளம், காதின் அளவு என்று தையல்காரர் மாதிரி அளந்து அட்டையில் எழுதி வைத்தார்களே, அங்கிருந்து ஆரம்பித்தேன். அளவு ஒத்துப்போனால் ஆள் அவன்தான். அளப்பவன் நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் ஒருவன் இன்னொருவனாகிவிடுவான். விரல் நுனிக் கோடுகள் ஆளுக்கு ஆள் வேறு, பிறந்ததிலிருந்து மாறாதவை என்று உறுதியான பிறகுதான் நாடாவைத் தூக்கிப் போட்டார்கள். ஒருவனை இன்னொருவனாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே வந்த வேலை இது. ஒரு பொருளைத் தொட்டவன் தன்னிடமிருந்து கொஞ்சம் அதில் விட்டுப் போகிறான், அதிலிருந்து கொஞ்சம் எடுத்தும் போகிறான் என்று புதிதாகச் சேருபவர்களிடம் அப்பா சொல்வாரே, அதையும் சேர்த்தேன். கை தானாக ஓடியது. ஆறாம் பக்கத்தில், எங்கள் பிரிவில் அவர் கொண்டுவந்த விதியைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது.

அந்த விதி உனக்குத் தெரிந்திருக்காது, வீட்டில் நாங்கள் வேலைப் பேச்சு பேசியதில்லை. முதல் பரிசோதகர் ரேகையைப் பார்த்து முடிவு சொல்வார். பிறகு இரண்டாம் பரிசோதகரின் மேசைக்குப் பழுப்பு உறையில் இரண்டு படங்கள் மட்டும் போகும். ஒன்று சம்பவ இடத்தில் கிடைத்த ரேகை, மற்றது சந்தேகப்பட்டவரிடம் எடுத்த ரேகை. பெயர் இருக்காது, முதல் பரிசோதகரின் முடிவும் இருக்காது, முடிவு சொல்லும்வரை படத்தைத் திருப்பி வழக்கு எண்ணைப் பார்க்கவும் கூடாது. எந்தக் கோடு எங்கே கிளை பிரிகிறது, எங்கே முடிகிறது என்று தனியாகத் தேட வேண்டும். பன்னிரண்டு இடம் ஒத்துப்போனால் சிவப்பு மையில் புள்ளி வைத்துக் கையெழுத்துப் போடலாம். விளக்கம் சொல்ல முடியாத வேறுபாடு ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆள் அவனில்லை.

முதல் பரிசோதகர் உன் அப்பா, இரண்டாம் பரிசோதகர் நான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வேலையை ஒருவர் சரிபார்ப்பதா என்று மேலதிகாரி ஒருவர் முனகியபோது, "இவ என்னைக்குங்க நான் சொன்னதை ஒத்துக்கிட்டிருக்கா? வீட்டுக்கு வந்து பாருங்க" என்று அப்பா சொல்லிப் பிரிவையே சிரிக்க வைத்தார். எனக்கு அதில் பெருமைதான். முப்பது வருடத்தில் என் கையெழுத்தை எந்த வக்கீலாலும் அசைக்க முடிந்ததில்லை.

நீ கேட்ட படத்தைத் தேடி அப்பாவின் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். பழைய எக்ஸ்ரேக்களுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை, மேலே ஒன்றும் எழுதவில்லை. உள்ளே பெரிதாக்கிய இரண்டு கைரேகைப் படங்கள். இலாகா படங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. உன் அப்பாவை அதற்காக மனதுக்குள் திட்டினேன். பிறகு, கண்ணில் புரை எடுத்தபின் பார்வை எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் ஆசை. ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றுகால் லென்ஸை வைத்தேன். பழக்க தோஷம், பின்புறம் பார்க்கவில்லை.

ஒன்பது இடம் ஒத்துப்போயின. பத்தாவது இடத்தில் ஒரு படத்தில் கோடு தெளிவாகக் கிளை பிரிகிறது. மற்றதில் அதே கோடு நேராகப் போகிறது. மசி பரவியதாலும் இல்லை, விரல் அழுந்தியதாலும் இல்லை. மறுநாள் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். மூன்று காலையும் ஒரே பதில். ஆள் வேறு.

அதன் பிறகுதான் திருப்பினேன். மருந்துக்கடைக்காரர் வழக்கின் எண்.

உனக்கு அவரை நினைவிருக்கும். சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் சாத்திய கடையைத் திறந்து மருந்து கொடுத்தவர். இருபத்தோரு வருடத்துக்கு முன் அந்தக் கடைக்குள்ளேயே அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கல்லாப்பெட்டிக் கண்ணாடியில் கிடைத்த ஒற்றை விரல் ரேகையை வைத்து ஒரு குழாய் வேலைக்காரனைப் பிடித்தார்கள். அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை என்று அவன் கடைசிவரை சொன்னான். எங்கள் இரண்டு கையெழுத்தும் அவன் பொய் சொல்கிறான் என்றன. ஆயுள் தண்டனை. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை

அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ படித்துவிட்டுத் தீர்மானம் செய். நானும் அப்பாவும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவோம். சாப்பாட்டு மேசையில் வழக்குப் பேச்சு கூடாது என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு. அன்று அவர் மூடியைத் திறந்து வைத்தார், சாப்பிடவில்லை. மருந்துக்கடைக்காரரின் நினைவு அவரை உலுக்கிவிட்டது. "குழாய்க்காரன்தான். பன்னிரண்டும் இருக்கு" என்றார். நான் என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடமே நான் அந்த உறையைத் தொட்டிருக்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று மணிக்கு உறை வந்தது. பிரித்தேன். ஒன்பது தானாகக் கண்ணில் பட்டன. மீதி மூன்றை நான் தேடிக் கண்டுபிடித்தேன். இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு இருக்கத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. படத்தின் பின்புறம் வழக்கு எண்ணுக்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில், அவர் எப்போதும் சீவி வைத்திருக்கும் கெட்டிப் பென்சிலால், "பத்தாவது இடம் சேரவில்லை" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற ஆறாவது மாதம். பயிற்சி நிலையத்துக்குப் பாடம் நடத்த வரும்படி எத்தனை முறை கூப்பிட்டார்கள், முழங்கால் வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று உன் மனுவில்கூட எழுதியிருந்தாய். நான்தான் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவள். முழங்காலில் ஒன்றும் இல்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "மருந்துக்கடை வழக்கில நீ நிஜமாவே தனியாப் பாத்தியா?"

எனக்கு வந்ததே கோபம். "என் வேலையை எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அதற்குப் பின் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் பார்த்தது தப்பு என்று அவர் வெளியில் சொன்னால் நான் பார்க்கவே இல்லை என்பதும் சேர்ந்து வெளிவரும். அதனால் வாயை மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன். இது எனக்குத் தெரிந்தது இல்லை, என் ஊகம்தான். அவர் மனசாட்சியை நீ எடைபோடும்போது அந்தக் காலையையும் சேர்த்துக்கொள். கதவைத் தட்டியவர் அவர், திறக்காதவள் நான்.

கைரேகைப் பிரிவின் இயக்குநரிடம் போனேன். அப்பாவிடம் வேலை கற்ற நெட்டைக்காரன், இப்போது அவன்தான் இயக்குநர். காபி கொடுத்தான், காலில் விழாத குறையாக மரியாதை செய்தான். பழைய காகிதம், பழைய கண், விட்டுவிடுங்கள் அம்மா என்றான். புரை எடுத்த பிறகு என் கண் உன்னுடையதைவிடப் புதுசு என்றேன். சிரித்தான். கோர்ட் உத்தரவு இல்லாமல் மூல நெகட்டிவை யாருக்கும் தரமாட்டேன் என்றான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, விதி அதுதான்.

ஆகவே சட்ட உதவி மையத்துக்குப் போனேன். குழாய்க்காரனுக்காக வாதாடுவது ஒரு சின்னப் பெண், கோட்டை இஸ்திரி போடவே மாட்டாள் போலிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்துவிட்டு, உங்களுக்கு என்ன ஆகும் தெரியுமா அம்மா என்று கேட்டாள். தெரியும் என்றேன். புதிதாக ஒன்று வெளிவந்திருக்கிறது என்று காட்டினால்தான் கோர்ட் மறுபரிசோதனைக்கு உத்தரவிடுமாம். வெறும் படம் போதாது, கையெழுத்துப் போட்டவளே வந்து சொல்ல வேண்டுமாம். பதினான்காம் தேதி விசாரணை. அவன் உள்ளே என்ன செய்கிறான் என்று கேட்டேன். சிறையில் ஒரு குழாய்கூட ஒழுகாதாம், எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்கிறானாம். உள்ளே போனபோது அவன் மகளுக்கு நாலு வயது. அவளுடைய கல்யாணத்தைப் போட்டோவில்தான் பார்த்தானாம்.

கான்வென்டில் எங்கள் தையல் சிஸ்டர் ஒரு தையல் தப்பியிருந்தால் அதுவரைக்கும் பிரிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு போட்டதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும். நான் ஒரு முறையும் அழுததில்லை. இப்போது பிரிக்கிறபோது கை வலிக்கிறது, அவ்வளவுதான்.

விழா பதினாறாம் தேதி. அந்தப் பெயர்ப் பலகை வேண்டாம் என்று நீயே எழுதிவிடு. நான் எழுதினால் உனக்குப் போட்ட உத்தரவு மாதிரி இருக்கும். கேட்டு வாங்கியவள் நீ, திருப்பிக் கொடுப்பதும் உன் கையால் இருக்கட்டும். ஐந்து பக்கக் கட்டுரையை அனுப்புகிறேன், ஆறாம் பக்கத்தைக் கோர்ட்டில் சொல்கிறேன். அப்பாவை வெறுக்காதே. கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு, நான் இன்னும் இருக்கிறேன்.

டாக்டர் கொடுத்த ஆஸ்துமா மருந்தைப் பையிலேயே வைத்துக்கொள், மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழ வேண்டும். ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்லுங்கள்.

உன் டிக்கெட் பதினைந்தாம் தேதிக்கு என்று சொல்லியிருந்தாய். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நேற்று கோர்ட்டுக்குப் போய் இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன். சாட்சிக் கூண்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் இல்லை.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அம்மா