நாலாம் நம்பர் குச்சி

ஜூலை 8, செவ்வாய்

காற்று. காலையிலிருந்து ஜன்னல் அடித்துக்கொண்டே இருக்கிறது. கொக்கி வாங்க வேண்டும்.

ஆறரை முதல் ஏழே கால் வரை மெர்சியின் வைப்ரஃபோனில் பயிற்சி. ப்ளூஸ், எஃப். மெட்ரோனோம் 72. கைக்கு இரண்டு குச்சி. பெடல் இன்னும் லேட். கீழ் எஃப் உலோகப் பட்டையை அடித்தால் அலமாரியில் டம்ளர் ஒன்று சேர்ந்து அதிர்கிறது. நகர்த்தவில்லை.

நாலாம் நம்பர் குச்சியின் தலையில் நூல் விட்டுவிட்டது. உள்ளே ரப்பர் தெரிகிறது. நான்கையும் மெர்சிதான் சுற்றினாள், போன வருஷம், எங்கள் கட்டிலில் உட்கார்ந்து. நம்பரும் அவள் போட்டது, பச்சை ஸ்கெட்ச்.

அவள் போய் எட்டு மாதம். காய்ச்சல், ஐந்து நாள்.

ஜெரால்டு சார் வீடியோவில் பார்த்தார். (சென்னை, ஆன்லைன் கிளாஸ். மெர்சிக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவள் இடத்தில் இப்போது நான்.) ரப்பர் தெரிய அடித்தால் பட்டையில் தழும்பு விழுமாம். "புதுசு வாங்குங்க, இல்ல பிரிச்சுச் சுத்துங்க. ஞாயித்துக்கிழமை இதோட வராதீங்க."

வழிகள்:
புதுசு. பிரம்புக் கைப்பிடி, மீடியம். கார்ட்டில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.
அவள் சுற்றியதைப் பிரிப்பது.
நான்கையும் டப்பாவில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது.

கடைசி சுலபம். போர்வை போட்டால் வைப்ரஃபோன் ஒரு மேஜைதான்.

ஜூலை 9, புதன்

மேகம், மழை இல்லை. கம்பெனியில் ஏழாம் நம்பர் நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்து துணியில் கோடு. மாற்றினேன். மதியம் சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. டிபன் பாக்ஸ் காலி, அப்படியானால் சாப்பிட்டிருக்கிறேன்.

இன்னொரு வழி தோன்றியது. பிரிக்காமல் மேலேயே சுற்றுவது. கம்பெனிக் கோனில் முப்பதாம் நம்பர் நூல், எட்டு இழை சேர்த்து. டென்ஷன் மீட்டர் வைத்து எல்லாச் சுற்றும் ஒரே இறுக்கம். அழகாக வந்தது, மெஷின் சுற்றியது மாதிரி. அவளுடையது உள்ளே பத்திரம்.

அவளுடைய கத்தரிக்கோல்தான் கைக்கு வந்தது. இடது கைக்காரிக்கென்று தனியாக வாங்கியது. என் கையில் வெட்டவில்லை.

ஜூலை 10, வியாழன்

பத்து நிமிஷம்தான் தாங்கியது. முதலில் தகரத்தில் அடித்த மாதிரி சத்தம். பிறகு நான் சுற்றியது முழுசாகத் தொப்பி மாதிரி கழன்று பறந்தது. போகும்போது அவள் சுற்றியதில் ஒரு பிடியையும் இழுத்துக்கொண்டு போனது.

கழன்றதைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன், ஏன் என்று தெரியவில்லை. முருகேசன் அண்ணாச்சி, நிட்டிங் ஆபரேட்டர், தூத்துக்குடிப் பக்கம், விரலில் தேய்த்துப் பார்த்தார். "மெழுகு நூலுல்லா சார் இது. வழுக்காம என்ன செய்யும்? டிப்ளமா படிச்சவுக நீங்க."

பனியன் நூலுக்கு மெழுகு ஏற்றுவதே ஊசியில் வழுக்கிப் போகத்தான். எட்டு வருஷமாக நான் பார்க்கும் நூல்.

வீட்டம்மா எந்த நூலில் சுற்றினார்கள் என்று கேட்டார். தெரியவில்லை. கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து தொங்கிய இழையைத் தேய்த்துப் பார்த்தேன். மெழுகு இல்லை, மொறமொறப்பு. தறி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்குப் போடுவது. அவள் அம்மா வீட்டில் இருப்பது.

பயிற்சி இல்லை. நேற்றைய பால் திரிந்துவிட்டது.

ஜூலை 12, சனி

அரை நாள் லீவு. சாமளாபுரம், அவள் அம்மா வீடு. மூன்றாம் மாத நினைவு ஜெபத்துக்குப் பிறகு இன்றுதான் போகிறேன். வண்டியில் போகும்போது வழியெல்லாம் எதிர்க்காற்று.

அத்தை தறி ஷெட்டிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்தார். இளைத்துவிட்டேன் என்றார். கீரை, பருப்பு, இரண்டாம் முறை கேட்காமலே போட்டார். மாமா இல்லை. பல்லடம் போயிருந்தார்.

சாப்பாட்டுக்கு நடுவே சொன்னார். "மெர்சி வாசிச்ச பொட்டியச் சபைக்குக் குடுத்தரலாம்னு மாமா சொல்றாருங்க மாப்ள. சும்மா போத்தி வெச்சு என்ன பண்றதுங்க?"

கொடுத்துவிடலாம். நல்ல இடம். யாராவது வாசிப்பார்கள். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போத்தி வெக்கலீங்க அத்தை. நான் வாசிக்கறனுங்க."

கரண்டி நின்றது. "நல்லா வருதுங்களா?"

"இல்லீங்க."

சிரித்துவிட்டார். "அவளுக்குந்தான் மொதல்ல கீபோர்டு வரலீங்க. தறிச் சத்தத்துல எங்களுக்கு ஒண்ணும் கேக்கல, தப்பிச்சோம்."

நூல் கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. போன வருஷம் மெர்சி எடுத்ததும் இதே நூல்தான் என்று ஒரு முழுக் கோனைப் பையில் வைத்தார். கொஞ்சம் போதும் என்றேன். இருக்கட்டும் என்றார். மாமாவிடம் அவரே சொல்லிக்கொள்கிறாராம்.

ஜூலை 13, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். நாலு மணிக்குக் கிளாஸ்.

இரண்டு மணிக்குப் பிரித்தேன். வெட்டவில்லை, இழை பிடித்துச் சுற்றிச் சுற்றி. எண்ணினேன், பழக்கம். 186 சுற்று. எங்கேயும் ஒரே இறுக்கம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் ரொம்பத் தொளதொள, யாராவது கூப்பிட்டிருப்பார்கள். நானாக இருக்கும்.

எல்லாச் சுற்றும் இடப்பக்கம். புதன்கிழமை அதன் மேல் நான் வலப்பக்கம் சுற்றியிருக்கிறேன். கவனிக்கவில்லை. நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

குச்சியை வலது கைக்கு மாற்றினேன், அத்தை கொடுத்த நூல் இடது கையில். விரல் சொன்னபடி கேட்கவில்லை. மூன்று முறை நழுவியது. மீட்டர் எடுக்கவில்லை. 186 வந்ததும் நிறுத்தினேன். கோணல்.

கிளாஸ். வழக்கமாக சார், தறி ஓட்டுகிற மாதிரி அடிக்கிறீர்கள் என்பார். இன்று சொல்லவில்லை. ப்ளூஸின் பன்னிரண்டு பாரும் முடிந்த பிறகு கேட்டார்.

"நாலும் ஒரே குரலா இருக்கே. எதுங்க புதுசு?"

நாலாவது என்றேன். சார் அடுத்த வாரத்துக்கு மெட்ரோனோம் 80 என்றார்.

பிரித்த நூல் டப்பாவில். ஜன்னல் கொக்கி வாங்கவில்லை.

மூன்றாம் நம்பரிலும் ஓர் இழை எழும்பியிருக்கிறது. கோனில் நூல் நிறைய இருக்கிறது.