நாலு கீறல் குழாய்

சீடர் ஃபோர்க், மிசௌரி
அக்டோபர் 9, 1994

கர்த்தருக்குள் அன்பான ரோண்டாவுக்கு,

உன் வில்டா அத்தை எழுதுவது. இருமல் விட்டதா? சம்பளம் ஒழுங்காக வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறாயா? கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

நான் ஒரு பம்ப் துப்பாக்கி வாங்கிவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லாதே, தம்பிக்கு ரத்தக்கொதிப்பு.

எல்லாம் பக்கத்து வீட்டு டீக்கன் டெல்மர் பிரிக்ஸால் வந்த வினை. உன் ஏர்ல் மாமா கர்த்தரிடம் போய் ஆறு வருஷம் ஆகிறது. டெல்மரின் மனைவி போய் நாலு வருஷம். அதற்காக ஒரு மனுஷன் மூன்று தடவையா பெண் கேட்பான்? முதல் தடவை என் தக்காளிப் பாத்தியில். இரண்டாம் தடவை சபை விருந்தில், கையில் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு. மூன்றாம் தடவை பெண்கள் வேதபாட வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, பன்னிரண்டு பெண்கள் காது நீட்டிக்கொண்டு நிற்க. எனக்கு வெட்கத்தில் கோபம் வந்துவிட்டது. “தீயணைப்பு நிலையத் துப்பாக்கிப் போட்டியில என்னை நீங்க ஜெயிச்சா கட்டிக்கிறேன், கர்த்தர் சாட்சி” என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் பேரில் சொன்ன வாக்கு, பொருத்தனை பொருத்தனைதான். இனி மாற்ற முடியாது.

வான்கோழிப் போட்டி என்று பேர், வான்கோழியை யாரும் சுடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்தைந்து கஜத்தில் ஒரு அட்டை, நடுவில் பெருக்கல் குறி, ஆளுக்கு ஒரு தோட்டா. தோட்டாவிலிருந்து சிதறும் ரவைக் குண்டுகளில் யாருடையது குறிக்குக் கிட்டே விழுகிறதோ அவருக்கு உறைந்த வான்கோழி. டெல்மர் ஐந்து வருஷமாக விடாமல் ஜெயிக்கிறவர். நானோ அதுவரை துப்பாக்கியைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை.

துப்பாக்கியோடு மூன்று சின்னக் குழாய் கொடுத்தார்கள், நுனியில் திருகுவதற்கு. விளிம்பில் ஒன்றுக்கு ஒரு கீறல், ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு நாலு. நாலு கீறல்தான் எல்லாவற்றிலும் பலமானது என்று அதைப் போட்டுச் சுட்டேன். அட்டையைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது. டெல்மரின் பால் வாளி இப்போது சல்லடை. நீ துப்பாக்கி விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள். எந்தக் குழாய் போட வேண்டும் என்று உடனே எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அத்தை வில்டா

ஸ்பிரிங்ஃபீல்ட்
அக்டோபர் 14

அன்பு அத்தை,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துச் சிரித்ததில் மேனேஜர் முறைத்தார்.

நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு போட்டிருக்கிறீர்கள். கீறல் குறையக் குறையத்தான் வாய் குறுகல். கேக் மேல் ஐசிங் பிழிவீர்களே, வாய் அகலமான கூம்பு போட்டால் பரவும், ஊசி வாய் போட்டால் எழுத்தே எழுதலாம். அதே கதைதான். நாலு கீறல் பக்கத்தில் பறக்கும் காடைக்கு, மூன்று நடுத்தரம். அட்டைப் போட்டிக்கு ஒற்றைக் கீறல்.

குழாயை மாற்றுமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பாருங்கள். மரையில் எண்ணெய் தடவித் திருகுங்கள். குழாய் இல்லாமல் சுடவே கூடாது, மரை கெட்டுவிடும். முதலில் பெரிய காகிதத்தில் சுட்டு, ரவை எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

ஒன்று கேட்கலாமா? டெல்மரிடம் அப்படி என்ன குறை?

ரோண்டா

சீடர் ஃபோர்க்
அக்டோபர் 24

அன்புக் கண்ணே ரோண்டா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒற்றைக் கீறல் குழாய் என்னமாய்ச் சுடுகிறது! வீட்டில் எண்ணெய் இல்லாததால் பன்றிக்கொழுப்பைத் தடவினேன். நாலு தோட்டா சுட்டதும் தோட்டம் முழுக்கப் பன்றிக்கறி பொரிக்கும் காலைச் சாப்பாட்டு வாசனை. பிரிக்ஸ் வீட்டு நாய்கள் மூன்றும் வேலி தாண்டி வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை பத்து அட்டையில் ஏழில் குறியின் மேலேயே ரவை.

டெல்மரிடம் என்ன குறை என்று கேட்டாய். சாப்பிடும்போது பேசமாட்டார். சபையில் பாட்டு வரியை அரை அடி பிந்திப் பாடுவார், நான் பியானோவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இன்னும் இருக்கிறது, இப்போது ஞாபகம் வரவில்லை.

சனிக்கிழமை கூரைத் தகரத்தைச் சரிபண்ண வந்தார். நான் கூப்பிடவில்லை, மழை வரும்போல இருந்தது என்று அவராகவே வந்தார். அடுப்படி மேசையில் என் அட்டைகளைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நல்லாச் சுடுற, வில்டா” என்றார், அவ்வளவுதான். ஆப்பிள் கேக்கில் இரண்டாம் துண்டு வேண்டாம் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இருபது வருஷமாக அந்த மனுஷனை எனக்குத் தெரியும், இரண்டாம் துண்டை வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அன்று ராத்திரி ஜெபம்பண்ண உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து போய் அந்தத் துண்டை அவருக்கென்று மூடி வைத்தேன்.

பின்குறிப்பு: எங்கள் சபையில் வேறொரு பெண் கேட்கச் சொன்னாள். போட்டியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் தோற்க வேண்டும் என்றால் எந்தக் குழாய் போடலாம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அத்தை வில்டா

ஸ்பிரிங்ஃபீல்ட்
அக்டோபர் 29

அன்பு அத்தை,

அந்த வேறொரு பெண்ணிடம் சொல்லுங்கள்: நாலு கீறல். ஆனால் அதுவும் நிச்சயம் இல்லை, ஒரு தறுதலை ரவை தானாகப் போய்க் குறியில் உட்கார்ந்தாலும் உட்காரும். தோற்பதற்கு இதைவிடச் சுலபமான வழி, வாயைத் திறந்து அந்த மனுஷனிடம் சொல்லிவிடுவது. அதற்குத் தோட்டாவும் வேண்டாம்.

ரோண்டா

சீடர் ஃபோர்க்
நவம்பர் 13

என் செல்ல ரோண்டா,

நேற்று போட்டி முடிந்தது. மற்றவர்கள் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

நாலு கீறலைத்தான் போட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக, வண்டிக்குள் குனிந்து திருடி மாதிரி மாற்றினேன். வாயைத் திறந்து சொல்லேன் என்கிறாய். ஐம்பத்தாறு வயதில் அது சுடுவதைவிடக் கஷ்டம்.

எங்கள் சுற்றில் எட்டுப் பேர். டெல்மர் எனக்குப் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் சுட்டோம். தீயணைப்புத் தலைவன் ரஸ் டாலிவர் அட்டைகளைக் கொண்டுவந்தான். மளிகைக்கடை வெண்டெலுக்கு வான்கோழி. எங்கள் இரண்டு அட்டையையும் வைத்துக்கொண்டு ரஸ் முழித்தான். இரண்டிலும் ஓரத்தில் ஒவ்வொரு ஓட்டை, நடு சுத்தமாக வெறுமை. அளவுகோல் வைத்தால் இரண்டும் குறியிலிருந்து இரண்டரை அங்குலம், ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. பன்னிரண்டு வேதபாடப் பெண்களும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

தோற்றவர்களில் ஒருத்தன், வெண்டெல் வெளிக்கடைக் குழாய் போட்டிருக்கிறான், கம்பெனிக் குழாய்தான் விதி என்று கிளப்பிவிட்டான். உடனே ரஸ் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டுக் குழாய்களைக் கழற்றி மேசையில் அடுக்கினான். ஒற்றைக் கீறல், ஒற்றைக் கீறல் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். என்னுடையதில் நின்றான்.

“மிஸ் வில்டா, இது நாலு கீறல். இதப் போட்டா காடைதான் சுடலாம்.”

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நின்றேன். அவன் அடுத்ததைக் கழற்றினான். டெல்மருடையது. பார்த்துவிட்டு அதை என்னுடையதன் பக்கத்தில் வைத்தான். “இதுவும் நாலு” என்றான், இந்தத் தடவை மெதுவாக.

ஐந்து வருஷம் ஜெயித்த மனுஷன் தெரியாமல் போட்டிருக்க மாட்டார். ஏன் என்று நான் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உன் அட்டையெல்லாம் பாத்தேன். இவ்வளவு உழைச்சு என்னைத் தவிர்க்கப் பாக்குறியேன்னு இருந்துச்சு. வேண்டாம்னு இருக்கிறவள ஒரு பொருத்தனைய வச்சு இழுத்துட்டு வர்ற ஆளு நான் இல்ல.”

ரோண்டா, அந்த மனுஷன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

“நான் ஏன் நாலு கீறல் போட்டேன்னு கேக்க மாட்டீங்களா?” என்றேன்.

யோசித்தார். ஒரு முழு வசனம் வாசிக்கிற நேரம் யோசித்தார். அப்புறம் காது இரண்டும் சிவந்தது. வேதபாடப் பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ரஸ் மட்டும், சமமாக வந்தால் மறுபடி சுட வேண்டும் என்று விதி இருக்கிறது என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். எங்கள் சபைப் பாஸ்டர் அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினார்.

கல்யாணம் டிசம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. நீ கட்டாயம் வர வேண்டும். மறுநாள் ஞாயிறு, இருந்து சபைக்கும் வந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

புறப்படும்போது ஒரு சின்னக் குழப்பம். எங்கள் இரண்டு துப்பாக்கியும் ஒரே கம்பெனி, மேசையில் கிடந்த இரண்டு குழாயும் ஒரே மாதிரி. எது யாருடையது என்று ரஸ்ஸுக்கும் தெரியவில்லை. டெல்மர் ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் நன்றாகத் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். மற்றதை நான் எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

உன் அன்பான
அத்தை வில்டா