அம்மாவின் சனிக்கிழமை வகுப்பும் சூடாகும் கம்ப்யூட்டரும்

வண்ணார்பேட்டை,
சனிக்கிழமை மாலை

அன்பு மகன் பெனோவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் சுகம், அந்த மெல்போர்ன் குளிரில் நீயும் மருமகள் கெசியாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். போனில் நீ சொல்லச் சொல்ல எல்லாம் விளங்கின மாதிரி இருக்கிறது, வைத்த பிறகு ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. அதனால் நடந்ததை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், நிதானமாகப் படித்துவிட்டு நீயும் எழுத்திலேயே பதில் போடு.

விஷயம் அந்தக் கம்ப்யூட்டர்தான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அம்மா முகம் வாடி உட்கார்ந்திருந்ததும், உங்கள் சர்ச் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு காலையிலேயே கஞ்சி போட்ட சேலை கட்டித் தயாராவதும் உனக்குத் தெரியும். அந்த வகுப்பில் சில வாரமாக மெஷின் பாதியிலேயே அணைந்து போகிறது. டீச்சரம்மாவுக்கு முடியாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று ஒரு தாய் கெசியாவிடம் சொன்னாளாமே, நீங்கள் மறைத்தாலும் அது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அம்மா, எனக்கும் இந்த மெஷினுக்கும் ஒத்துவரல, இந்த மாசத்தோட நிறுத்திக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சூடுதான் காரணம், உள்ளே இருக்கிற விசிறியைப் பாருங்கள் என்று நீ சொன்னாய். காலமெல்லாம் பேன் விற்றவனுக்கு உள்ளங்கை அகல விசிறி ஒரு பெரிய காரியமா என்று நானே பெட்டியைத் திறந்தேன். விசிறி ஆட்டம் இல்லாமல் நன்றாகத்தான் சுற்றியது. தூசியைத் தட்டினேன். விசிறிக்குக் கீழே அலுமினியத் தகடு, அதற்கும் கீழே கம்ப்யூட்டருக்கு மூளை என்று நீ சொன்ன பிராசசர், இரண்டுக்கும் நடுவில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து அப்பிக் கிடந்தது. பழைய அழுக்கு என்று பெயிண்ட் கரைக்கிற தின்னர் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினேன். அதன் பிறகு இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. சுத்தம் செய்த பிறகு கூடுதலாகச் சுடுமா? டவுணிலிருந்து மெக்கானிக் மணிராஜைக் கூப்பிட்டேன். அவன் திறந்து பார்த்துவிட்டு, நடுவுல இருந்த பேஸ்ட் எங்க அண்ணாச்சி என்றான். அழுக்கைத்தானவே தொடச்சேன் என்றேன். அது அழுக்கில்ல, சூட்டைத் தகட்டுக்குக் கடத்துத பேஸ்ட், காஞ்சா புதுசு வைக்கணும், சும்மா மாட்டப்பிடாது என்று சிரித்துவிட்டு ஒரு பயறு அளவு வைத்தான். இன்னும் கொஞ்சம் தாராளமா வையும்வே என்றதற்கு, இது தோசைக்கு ஊத்துத நெய் இல்ல அண்ணாச்சி என்கிறான்.

அந்த வாரம் முழுக்க நான் கடை பில் போட்டேன், பாட்டு கேட்டேன், ஒரு தடவையும் அணையவில்லை. சனிக்கிழமை அம்மா உட்கார்ந்தாள், அரை மணியில் அணைந்தது. நான் உட்கார்ந்தால் ஓடுகிறது, அவள் உட்கார்ந்தால் நிற்கிறது. ப்ளக் பாயிண்டை மாற்றினேன், ஸ்டெபிலைசர் வைத்தேன். மணிராஜும் மறுபடி வந்து அரை நாள் ஓடவிட்டுப் பார்த்து, மெஷின்ல ஒரு குறையும் இல்லயே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். மெஷினுக்கு ஆள் தெரியுமா என்ன? எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

இன்றைக்குக் கடைக்குப் போகாமல் வகுப்பு நேரத்தில் அறை வாசலில் நின்றேன். உன் அம்மா ஜன்னலை அடைத்தாள், சீலிங் பேனை நிறுத்தினாள், கட்டிலில் கிடந்த ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் பெட்டியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் போர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஏ ஞானசௌந்தரி, என்ன செய்யுத என்று அலறிவிட்டேன். பிள்ளையளுக்கு இந்த விசிறி இரைச்சல்தான் கேக்கு, டீச்சர் ஏரோப்ளேன்ல இருக்கியளான்னு அந்த டார்லின் கேக்கா, நான் சொல்லுத எழுத்து அவ காதுல எப்படி விழும் என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்க மெஷினைப் பத்தித்தான கேட்டிய, என்னைய எப்பம் கேட்டிய என்கிறாள். காத்து வேணும்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றேன். கடைக்கு வாரவங்ககிட்ட சொல்லுததை எங்கிட்ட சொல்லாதிய என்று வாயை அடைத்துவிட்டாள்.

அதற்குள் பிள்ளைகள் முகம் திரையில் வந்துவிட்டது. நான் ஜமுக்காளத்தை உருவி, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு அட்டைப்பெட்டி மூடியால் வீச ஆரம்பித்தேன். வீச வீசச் சூடு தணிந்து, உள்விசிறியின் இரைச்சல் பைய அடங்கியது. பேன் ஓடாத அறையில் சட்டை நனைந்து, முழங்கால் கடுத்து, அம்மா ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்க வைப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். டார்லின் முயல் கதையைத் தடுக்கித் தடுக்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பன்னிரண்டு மணிக்கு அம்மா, அடுத்த சனிக்கிழமை இதை எல்லாரும் பாக்காம சொல்லணும் என்று சொல்லி, ஜெபித்து, தானே மெஷினை நிறுத்தினாள். வகுப்பையே நிறுத்துகிறேன் என்று சொன்னவள் வாயிலிருந்து அடுத்த சனிக்கிழமை என்று வந்ததை நான் மேஜைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

ஆனாலும் மகனே, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அரைக்கவில்லை, இடிக்கவில்லை, இருந்த இடத்தில் இருக்கிற மெஷினுக்கு ஏன் இவ்வளவு சூடு? சத்தமே இல்லாத விசிறி உண்டா? நான் விற்றதில் கிடையாது. அல்லது அம்மா காதில் மாட்டிப் பேசுகிற மாதிரி ஏதாவது வாங்கினால் இரைச்சல் போகாதா? பார்த்து எழுது. அந்தத் தாயிடம் கெசியா பக்குவமாகப் பேசட்டும். கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் காத்து நடத்துவாராக. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வகுப்புக்கும் வீசுகிற ஆள் நான்தான்.

உன் அப்பா,
எலியேசர்