ஜன்னலில் செருகிய துண்டு

ஞாயிற்றுக்கிழமை, காலை

முகம் தெரியாத தங்கைக்கு,

வணக்கம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்து போய் உங்கள் குளியலறையில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரை அணைத்துவிடுங்கள். ஜன்னலில் செருகியிருக்கும் நீலத் துண்டை உருவிப் போட்டுவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்து வையுங்கள். யாராவது உள்ளே குளித்துக்கொண்டிருந்தால் கதவைத் தட்டி வெளியே வரச் சொல்லுங்கள். அதையெல்லாம் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

செய்துவிட்டீர்களா? இப்போது நான் யாரென்று சொல்கிறேன். உங்கள் கணவர் இணைய மன்றத்தில் 'மொட்டைமாடி' என்ற பெயரில் எழுதுவார் இல்லையா, அங்கே 'திருப்புளி' என்று ஒருவர் இருக்கிறாரே, அந்தத் திருப்புளியின் மனைவி நான். பெயரைக் கேட்டதுமே உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும். நியாயம்தான், எனக்கே பல நாள் வரும். உங்கள் கணவருக்கு எழுதினால் யாரிடமிருந்து என்று பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடுவார் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது நீங்கள்தான் என்பதும் அவர் எழுதியதிலிருந்து தெரிந்தது. உங்கள் பெயர் மட்டும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறார். கடையில் முதலாளி பேசுவார், இவர் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்துவிட்டால் ஆளே வேறு. தலைக்கவசம் போடச் சொன்னாலும் அரசாங்கத்தின் மேல் தப்பு, குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னாலும் அரசாங்கத்தின் மேல் தப்பு. நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், இவர் எழுதியதையும் அதற்கு வந்த பதில்களையும் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருப்பார். ரேடியோதான், ஆனால் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. அதில் பாதியைத்தான் காதில் வாங்குவேன். அந்தப் பாதியில் உங்கள் வீடு இருந்ததால் இதை எழுத முடிகிறது.

கீசர் சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அறைக்குள் காற்று கெட்டால் தானாகவே தீயை அணைக்கிற சின்னக் கருவி ஒன்று எல்லா கேஸ் கீசரிலும் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு 'அரசாங்க மூக்கு' என்று பெயர் வைத்த புண்ணியவான் இவர்தான். எங்கள் வீட்டில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அந்த மூக்கு தீயை அணைத்துவிடும். ஒரு நாள் பாதிக் குளியலில் அணைந்து, கண்ணெல்லாம் நுரையோடு வெளியே வந்து கத்தினார். அன்றைக்கே 'குடிமகனைத் தலையில் சோப்போடு நிற்க வைக்கும் அரசு' என்று மன்றத்தில் ஒரு விவாதத் திரி தொடங்கினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள், தலைவரே என்றார்கள். அந்த மயக்கத்தில், மூக்கின் வயரை எப்படிப் பிரித்து எப்படி முறுக்கினால் அது வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று படத்தோடு எழுதிவிட்டார்.

உங்கள் வீட்டுக் கீசரும் அடிக்கடி அணைந்துகொண்டிருந்ததாம்; உங்கள் கணவர் அதைப் பார்த்துச் செய்து, வேலை செய்கிறது என்று நன்றி சொல்லிப் படம் போட்டார். அதோடு நில்லாமல் ஒரு திருப்புளி செட்டை வாங்கிப் பார்சலில் அனுப்பினார். எவ்வளவு நல்ல மனுஷர்! இவர் தலைகால் புரியாமல் திரிந்தார். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பிறகு அந்த செல்போன் டவர் திரி. உங்கள் தெருவில் டவர் வந்ததிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, இதற்கெல்லாம் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டாமா என்று உங்கள் கணவர் கேட்டிருந்தார். கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டாலே இவருக்கு ஆகாது. கீசரில் ஒரே கட்சியாக இருந்தவர்கள் டவரில் எதிரும் புதிருமாகிவிட்டார்கள். 'தலைவலிக்குக் காரணம் டவர் இல்லை, நீங்கள் படிக்கிற அரசியல்' என்று இவர் எழுதியதற்கு எத்தனையோ பேர் சிரித்துவைத்தார்கள். உங்கள் கணவர் கடைசியாக எழுதியதை இவர் நேற்றுச் சாயங்காலம் எனக்கு வாசித்துக் காட்டினார், ஜெயித்துவிட்ட குரலில். 'குளிச்சுட்டு வந்தா குழந்தை துவண்டு போயிடறா, வாந்தி எடுக்கறா. மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தோம், ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. திரும்பி வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுடுச்சு. இது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா சார்?' என்று எழுதிவிட்டு மன்றத்தை விட்டே போய்விட்டார்.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். குளித்துவிட்டு வந்தால் என்று எழுதியிருக்கிறாரே! டவருக்குக் குளியல் நேரம் எப்படித் தெரியும்?

நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எங்கள் கடையின் பின்பக்கம் கேஸில் எரியும் பெரிய கொதிகலன் ஒன்று இருக்கிறது. முதலாளியம்மா பின்கதவை எந்தக் காலத்திலும் சாத்த விடமாட்டார். குளிர் அடிக்கிறது, கொசு வருகிறது என்று நாங்கள் முணுமுணுப்போம். ஒரு மழைநாளில் அவர் வெளியூர் போயிருந்த தைரியத்தில் சாத்திவிட்டோம். பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் தலைவலி. ஒருத்தி துணிக்குவியல் மேலேயே சுருண்டு படுத்துவிட்டாள். புதிதாக வந்த சோப்புத்தூள்தான் காரணம் என்று நாங்கள் சண்டைக்கே கிளம்பினோம். கதவு சாத்தியிருந்ததா என்று ஆஸ்பத்திரியில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. மூடிய இடத்தில் கேஸ் எரிந்தால் சேருகிற அந்த விஷக்காற்றுக்கு மணம் கிடையாது, புகை கிடையாது, இருக்கிறது என்று காட்டிக்கொள்ளவே செய்யாது.

அதனால் உங்கள் கணவர் போட்ட கீசர் படத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். இவர் முறுக்கிய வயரைப் பெரிதாக்கிக் காட்டினார், அவருக்கு அதுதான் பெருமை. நான் சுருக்கச் சொன்னேன். கீசருக்குக் கீழே குழந்தையைக் குளிப்பாட்டும் சிவப்புத் தொட்டி. பக்கத்தில் கையகல ஜன்னல், குளிருக்காக அதில் இறுக்கிச் செருகிய நீலத் துண்டு. நம் கீசர் எங்கே இருக்கிறது என்று இவரைக் கேட்டேன். பால்கனியில் என்றார். 

ஆமாம் தங்கை, எங்கள் கீசர் வெட்டவெளியில், நான் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெந்நீர் மட்டும் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டிக் குளியலறைக்கு வருகிறது. எங்கள் மூக்கு வெறும் காற்றடித்ததற்கே தீயை அணைத்தது. உங்கள் மூக்கு சரியாக மோப்பம் பிடித்துத்தான் அணைத்திருக்கிறது. சுதந்திரம், சட்டம், வரிப்பணம், சர்வாதிகாரம் என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டார்களே, உங்கள் கீசர் எங்கே மாட்டியிருக்கிறது என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'அவர் சொல்லலியே, நானும் கேக்கலியே' என்று இவர் புலம்பினார். கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்து, வேறு ஏதாவது காய்ச்சலாக இருக்கலாம், டவராகவே கூட இருக்கலாம் என்று என்னிடம் வாதாட ஆரம்பித்தார். டவரால் ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்! என்னையும் மன்றம் என்று நினைத்துவிட்டார் போல.

உங்களை எட்டுவதற்கு எல்லாம் செய்து பார்த்தோம். உங்கள் கணவர் இவருடைய தனிச்செய்திகளைத் தடுத்துவிட்டார். நான் புதிதாகச் சேர்ந்து எழுதலாம் என்று பார்த்தால் அடையாளம் சரிபார்த்து முடியும்வரை எழுத விடமாட்டார்களாம். மன்றத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநரிடம் உங்கள் எண்ணைக் கேட்டோம். உறுப்பினர் விவரத்தை யாருக்கும் தரக்கூடாது, அது விதி என்று பதில் வந்தது. எத்தனையோ விதிகளை எதிர்த்த இந்த மனுஷர், முன்பு மன்றத்தில் வேண்டும் வேண்டும் என்று வாதாடி வாங்கியது அந்த ஒரு விதியைத்தான். பார்சல் பெட்டியில் உங்கள் முகவரி முழுசாக இருக்கிறது. தொலைபேசி எண் இருந்த இடத்தை மட்டும் இவர் அன்றைக்கு ஆசையில் பரபரவென்று பிரித்தபோது ஒட்டுநாடாவோடு கிழித்துவிட்டார்.

காலையில் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். 'அவங்க உங்களுக்கு என்னம்மா வேணும்?' என்றார். தெரிந்தவர்கள் என்றேன். அந்த அம்மா பேர் என்ன என்றார். எனக்குத் தெரியாதே! தெரிஞ்சவங்கன்னு சொல்றீங்க, பேர் தெரியலையா என்று கேட்டுவிட்டு, வண்டி வெளியே போயிருக்கிறது, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதி அவசரக் கூரியரில் போடப் போகிறேன். குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலி, வாந்தி என்பதோடு நிறுத்தாமல், மூடிய குளியலறை, கேஸ் கீசர் என்றும் மறக்காமல் சொல்லுங்கள்.

அதே நாள், சாயங்காலம்

கூரியர் கடை பூட்டிக் கிடக்கிறது. நாளைக்குக் கொடுத்தால் புதன்கிழமைதான் கிடைக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். புதன்கிழமைக்குள் நீங்கள் எத்தனை முறை குளிப்பீர்கள்! வீட்டுக்கு வந்து உறையை மேசைமேல் போட்டுவிட்டு அழுதேன்.

இவர் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நின்றபடியே படித்தார். 'என்னை ரேடியோன்னு எழுதியிருக்கே' என்றார்.  பிறகு உட்கார்ந்து மன்றத்தில் எழுதினார். நான் சொன்னது தப்பு, எங்கள் கீசர் பால்கனியில் இருக்கிறது, அதை நான் சொல்லாமல் விட்டேன், வயரை மாற்றியவர்கள் கீசரை உடனே நிறுத்திவிட்டு ஆளை அழைத்துப் பழையபடி மாட்டுங்கள் என்று எழுதினார். எதிர்க்கட்சிக்காரர்கள் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். குதித்தது இவருடைய ஆட்கள்தான். தலைவரே, அரசாங்கத்துக்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க என்று ஒருவர் கேட்டிருந்தார். இவர் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், பதில் சொல்லாமல் மடிக்கணினியை மூடியது இன்றைக்குத்தான். கண்ணாடி அலமாரியைத் திறந்து உங்கள் கணவர் அனுப்பிய திருப்புளி செட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். என் ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டார்.

அதனால் இந்தக் கடிதம் கூரியரில் வரவில்லை. இதைக் கொண்டுவந்து உங்களிடம் தருகிறாரே, வழுக்கை விழுந்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பஸ் தூக்கத்தில் முகம் வீங்கியவர், அவர்தான் திருப்புளி. உங்கள் கணவர் அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், ஆனால் கதவைச் சாத்திவிட வேண்டாம். வயரைத் தொட அவருக்கு இனி உரிமையில்லை, கீசரைக் கழற்றிக் கீழே வைக்க மட்டும் விடுங்கள். அப்புறம் அதற்கென்று இருக்கிற ஆள் வந்து வெளிச்சுவரில் மாட்டட்டும், மூக்கோடு. நடுவில் இவர் வாதாட ஆரம்பித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், சீக்கிரம் முடி என்கிறார். சற்றுமுன் தீயணைப்பு நிலையத்துக்கு மறுபடியும் பேசினேன். அதே மனிதர்தான் எடுத்தார். அவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று மறுபடி கேட்டார். 'என் தங்கச்சி' என்றேன். குரல் பிசகவில்லை. மறுபேச்சில்லாமல் முகவரியை எழுதிக்கொண்டார். போனாரா, போகவில்லையா, தெரியாது. உறவு சொல்லிவிட்டதால் இனிமேல் உன்னை நீ என்றே எழுதுகிறேன்.

இதை நீ படிக்கும்போது நாளைக் காலை ஆகியிருக்கும். இன்றைய சாயங்காலம்தான் நடுவில் கிடக்கிறது, அதற்குள் என் கை நீளவில்லை. ஒரு வீட்டை நான் இப்படி வாழ்த்தியதே இல்லை. இன்றைக்கு உன் வீட்டில் தண்ணீர் வராமல் போகட்டும். கேஸ் தீர்ந்து போகட்டும். எதிர்பாராத விருந்தாளி வந்து, ராத்திரிவரை எழுந்திருக்காமல் பேசிக் கழுத்தை அறுக்கட்டும். உன் மகள் குளிக்கவே மாட்டேன் என்று கையைக் காலை உதைத்து அடம்பிடிக்கட்டும், நீயும் சலித்துப்போய், சரி போ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டும்.

கீழே என் எண் இருக்கிறது. பேச மனமில்லை என்றால் பேச வேண்டாம். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வைத்துவிடு. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் பெயர் தெரியாத
உன் அக்கா