முழு அளவு கொயினா

என்னங்க,

கஞ்சி அடுப்பு மேல இருக்குது, சுடவச்சுக் குடிங்க. சாவி பக்கத்து குவாட்டர்ஸ் அமிர்தத்துகிட்ட இருக்கு. பாப்பாவைத் தூக்கிட்டு நான் கிள்ளானுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்.

எனக்கு முறைக்காய்ச்சல் வந்தப்ப, கொயினா மருந்து குடிச்சா காது இரையுதுன்னு அழுதேன். நீங்க டாக்டர்கிட்ட, "அதெல்லாம் பெரிசில்லைங்க, காய்ச்சல் நின்னா போதும்"னு சொல்லி முழு அளவும் குடிக்க வச்சீங்க. காய்ச்சல் நின்னுச்சு. நல்ல மருந்துன்னு டாக்டர் உங்க கையைக் குலுக்கினார். எனக்குக் காதே போச்சு. பாப்பா பேசறதைக் கேக்க முடியும்னா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே கிடந்திருப்பேன். உனக்கு எது வேணும்னு என்னை யாரும் கேக்கலை.

நேத்து உங்களுக்கு அதே காய்ச்சல். ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் தம்புசாமிகிட்ட காதைத் தொட்டுக் காட்டி, பாதி அளவு வாங்கிக்கிட்டீங்க. தந்தியைக் காதால கேட்டு எழுதற ஆபீஸ்காரருக்குக் காது முக்கியம் இல்லையா? எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும்.

காலையில டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போனேன். முழு அளவு கொடுங்க, எங்க வீட்டுக்காரரே சொல்லி அனுப்பினார்னு சொல்லிட்டேன். சாயந்திரம் தம்புசாமி மருந்தோட வருவார். குடிங்க. தந்திச் சத்தம் எது, காது இரைச்சல் எதுன்னு தெரியாம நாலு பேர் முன்னாடி நீங்களும் முழிக்கணும்.

அலமேலு

மறந்துட்டேன்: முந்தாநாள் பாப்பா ஏதோ புதுசாச் சொன்னா, நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. என்னன்னு கேட்டதுக்கு, அப்புறம்னு கையாட்டிட்டீங்க. அந்த வார்த்தையை மட்டும் ஒரு கார்டுல எழுதி அனுப்புங்க.