நீ ஏறாத ஜீப்பு

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை, வேறு காரியமாக மலை ஏறினேன். அடிவாரத்தில் முந்தலைத் தாண்டியதும் ஜீப்பில் என் பக்கத்திலிருந்த பெண் நாரத்தை இலையைக் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். வளைவுகளில் குமட்டாமலிருக்க நீயும் அப்படித்தான் செய்வாய். அந்த வாசனை வந்ததும் எனக்குள் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பு போடிமெட்டு ஏறியது, பனி வந்தது, அவ்வளவுதான்.

நீ போன செய்தி வந்தபோது மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் அரைத்து வழித்து வைத்துவிட்டுத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். கீழே போடியில் ஏலக்காய் பொறுக்கும் கடையில், முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தாய் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

உன்னை நினைத்தால் அந்தக் காலைதான் கண்ணுக்குள் நிற்கிறது. போடியிலிருந்து கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கேயே லய வீடுகளில் தங்கி வேலை செய்த ஜார்க்கண்ட் பெண்களோடு நமக்குப் பேச்சே கிடையாது. நம் சோலியைப் பிடுங்க வந்தவர்கள் என்று ஜீப்பில் பேசிக்கொள்வோம். அன்று அவர்களில் சின்னவளான புத்னி செடிகளுக்குள்ளிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. பின்னாலேயே சூப்பர்வைசர், ஒன்றும் நடக்காததுபோல் பீடி பற்ற வைத்துக்கொண்டு வந்தான்.

நீ கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாய்.

“என்னத்துக்கு உக்காந்துட்ட? எந்திரிச்சுக் காயப் பாரு” என்றான்.

“நீ இந்தத் தோட்டத்த விட்டுப் போற வரைக்கும் காய்ல கை வைக்க மாட்டேன்.”

“அவ பேசுற பாசை ஒனக்குத் தெரியுமா? அவ என்ன சொன்னான்னு நீ பேச வந்துட்ட?”

“அவ அழுகுறதுல எனக்குப் புரியாதது என்னடா இருக்கு?”

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மற்றவர்கள். சத்தம் கேட்டு, காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து மலையாளத்து லீலா சேச்சி வந்தாள். நம்மிடம் சிரிக்கக்கூட மாட்டாளே, அவள் புத்னியின் தோளில் தன் துண்டைப் போர்த்தி, “ஞானும் இரிக்காம்” என்று அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் போடியில் ஜீப்பு அண்ணன் உன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “ஒன்னய மட்டும் ஏத்தக் கூடாதுன்னு தோட்டத்துல சொல்லிட்டாக ஆத்தா. நான் என்ன செய்ய?”

ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். அடுத்த ஜீப்பிலும் இறங்கினார்கள். மேலே லயத்துப் பெண்களும் ஏலக்காட்டுக்குள் போகவில்லை என்று சேச்சி போனில் சொன்னாள். பருவக் காய். எடுக்காவிட்டால் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும். அதனால்தான் சில நாட்களில் முதலாளி இறங்கிவந்தார். சூப்பர்வைசரை அனுப்பிவிடுவதாக ஒத்துக்கொண்டார். பெண்கள் ஒதுங்கக் கதவு வைத்த மறைப்பு கட்டித்தரவும் ஒத்துக்கொண்டார். உன்னைத் திரும்ப எடுக்க மட்டும் மாட்டேன் என்றார்.

“அப்ப நாங்களும் ஏற மாட்டோம்” என்றேன்.

நீ என் கையைப் பிடித்து ஜீப்பின் பின்படியில் ஏற்றிவிட்டாய். “கிறுக்கச்சி. அவன் போறான்ல? அதுக்குத்தான உக்காந்தோம். வெரசா ஏறு, பொழுது ஆகுது.”

வண்டி நகர்ந்தபோது நீ முறம் வாங்கக் கடைத்தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தாய். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தோட்டமும் உன்னை எடுக்கவில்லை. ஒருநாளும் நீ அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

உன் உடலை எடுத்த அன்று சேச்சியும் புத்னியும் பஸ்சில் இறங்கிவந்தார்கள். புத்னி உன் காலைப் பிடித்துக்கொண்டு அவள் பாசையில் என்னென்னவோ சொல்லி அழுதாள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சுட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது.

போன வாரம் சேச்சி போன் செய்தாள். அந்த சூப்பர்வைசர் இப்போது வேறொரு தோட்டத்தில் இருக்கிறானாம். அங்கேயும் பெண்களிடம் அதே வேலையாம். அதற்குத்தான் இன்று போனேன். சேச்சியும் புத்னியும் வந்திருந்தார்கள். அந்தத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தமிழ்ப் பெண்களும் வடக்கத்திப் பெண்களும் தனித்தனியாக நின்றார்கள். ஒருத்தி என்னைத் தாண்டி ஜீப்பைப் பார்த்தாள்.

“போடியிலருந்து ஒரு அக்கா வரும்னு சொன்னாக. அது வரலியா?”

சேச்சி என்னைப் பார்த்தாள்.

“அது செத்துப்போச்சு” என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் சொன்னதில்லை. குரல் நடுங்கவில்லை. “நான் வந்துருக்கேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரே வந்தாள். இந்தியில் மெதுவாகச் சொன்னாள். புத்னி தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னாள். முழுவதும் கேட்டேன்.

உனக்காக அழ இன்னும் வரவில்லை அக்கா. இவர்கள் சொல்வதை இருந்து கேட்க முடிகிறது. அடுத்த ஞாயிறும் போகிறேன்.