வெறும் பைப்பில் ஏது ஈரம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த இந்த மூன்று வருஷத்தில் நாம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நான், உனக்கு எழுத நாலு தாள் கிழிந்துவிட்டது.

அப்பா இப்போது கடைசல் பட்டறைக்குப் பாதி நாள்தான் போகிறார். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்தது, உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டார். புகையிலையைத் தொட்டால் இனி என்னிடம் வராதீர்கள், வேண்டுமானால் வெறும் பைப்பைச் சப்பிக்கொண்டிருங்கள் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவும் சத்தியம் செய்தார்.

புகை நின்ற பிறகும் சனிக்கிழமை மதியம் அந்தப் பைப்பைத் துடைப்பது என் வேலை. நூலகத்தில் அதைப்பற்றித் தேடிப் படித்தேன். மூங்கில் தண்டின் இரண்டு முனையிலும் உலோகம் பொருத்திப் புகைக்கும் வழக்கம் சில தேசங்களில் பல நூறு வருஷம் பழையதாம், அப்பாவுடையது மாதிரி அலுமினியத் தண்டு போன நூற்றாண்டில் வந்ததாம். உலோகம் புகையின் சூட்டை வாங்கிக்கொள்ளும், ஈரம் அடியில் தங்கிவிடும், ஆறாமல் புகையிலை வைக்கும் மரக்கிண்ணத்தைத் திருகினால் திருகு மரை கெட்டுவிடும் என்று அப்பா ஏதோ இயந்திரத்துக்குச் சொல்வதுபோலச் சொல்வார். முதல் தடவை நான் அதைப் பாத்திரம் மாதிரி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். படிச்சவ கையில கொடுத்தது என் தப்பு, நல்லவேளை என்னை ஊறப்போடல என்றார். இப்போது கம்பியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, தண்டுக்குள் மட்டும் விடுகிறேன். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். அந்தக் கோடியில் பொட்டளவு வெளிச்சம், அதில் எதிர்மாடித் துணியும் ஒரு துண்டு மேகமும் மெல்ல மிதக்கும். தூங்காமலே கனவு காண்பது மாதிரி இருக்கும், கை வலிப்பதுகூடத் தெரியாது.

போன சனிக்கிழமை அந்த வட்டம் மங்கலாகத் தெரிந்தது. பஞ்சு பழுப்பாக வந்தது, அடியில் புகையிலை வாசனையோடு ஈரம். வெறும் பைப்பில் ஏது ஈரம். அவருக்குக் காட்டாமல் துடைத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் புகையிலை டப்பாக்கள், விலாசம் உன் கையெழுத்தில். பையன் மாசாமாசம் அனுப்புறான், அதைப் பிரிக்கிற அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் எங்களையெல்லாம் மனுஷங்களாவே மதிக்கமாட்டார் என்றார் பட்டறை வெல்டர். இத்தனை நாள் அப்பா பைப்பை அங்கேயே துடைத்துக் கொண்டுவந்திருப்பார், போன வாரம் மறந்துவிட்டார் போலிருக்கிறது. டப்பாக்களோடு நீ வைத்த இரண்டு வரிச் சீட்டுகளைத் வேலைக்கு அளவு குறிக்கும் தன் நோட்டுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். திறந்த கையோடு நோட்டை மூடிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஆசி சொல்ல எனக்கு வயசு போதாது, உறவு இருக்கிற தைரியத்தில் சொல்கிறேன், குறையில்லாமல் இரு. நீயும் அவரும் பேசிக்கொள்வது அந்த டப்பா வழியாகத்தான் என்று தெரியும், அதற்குள் கை வைக்கிறாள் என்று நினைக்காதே. இனிமேல் புகையிலை அனுப்பாதே தம்பி. சீட்டை மட்டும் நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தி